கையொப்பம் இல்லாத இரங்கல்

நம் திரைப்படச் சுவரொட்டிகளின் அடியில், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என நீளும் வரிசையின் கடைசியில் 'மக்கள் தொடர்பு' என்று ஒருவர் பெயர் இடம்பெறுவதைப் பலகாலமாகப் பார்த்து வருகிறோம். 1958இல் வெளியான 'நாடோடி மன்னன்' படத்துக்கு அப்பணியைச் செய்த பிலிம் நியூஸ் ஆனந்தன், தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என அறியப்படுபவர். இத்தொழிலில் மிகை உண்டு, புகழ்ச்சி உண்டு. ஆயினும் பேசுபவர் யார், எவருக்காகப் பேசுகிறார் என்பதில் ஒளிவுமறைவு இருந்ததில்லை. உலக அளவில் இத்துறை செல்லும் திசையைக் காணும்போது, இனி மறையப்போவது அந்தப் பெயர்தானோ என்ற ஐயம் எழுகிறது.

இத்துறையில் தொடக்கம் முதலே இரு வழிகள் இருந்திருக்கின்றன. 1906இல் அமெரிக்காவின் ஐவி லீ, தம் பணி யாவும் வெளிப்படையாக நடக்கும் என்று பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். மற்றொரு வழி எட்வர்ட் பெர்னேஸ் காட்டியது. 1929 ஈஸ்டர் நாளில் நியூயார்க் ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் சிகரெட் புகைத்தபடி நடந்தனர். பெண்ணுரிமைக் குரலாகப் பேசப்பட்ட அந்நிகழ்வின் பின்னால் இருந்தது ஒரு புகையிலை நிறுவனத்தின் பணம். திட்டம் வகுத்தவர் பெர்னேஸ். லீயும் தம் வழியில் நிலைத்து நின்றாரில்லை. 1914இல் லட்லோ சுரங்கத் தொழிலாளர் படுகொலைக்குப்பின் ராக்ஃபெல்லர் தரப்புக்காக அவர் வெளியிட்ட அறிக்கைகளில் பொய்கள் இருந்தன. தமக்குத் தரப்பட்ட தகவல்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று அவரே விசாரணைக் குழுவின்முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆனால் அவரை அழைத்துக் கேள்வி கேட்க முடிந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பெர்னேஸின் வழி இணையத்துக்கு வந்தபோது நேர்ந்ததைத் தென்னாப்பிரிக்காவில் கண்டோம். குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக லண்டனின் பெல் பாட்டிஞ்சர் நடத்திய பிரசாரம், இனப்பகையைத் தூண்டக்கூடியது என்று அத்துறையின் சங்கமே முடிவுசெய்து, 2017 செப்டம்பரில் அதனை வெளியேற்றியது. அதே மாதத்தில் அந்நிறுவனம் சரிந்தது. தண்டனை கிட்டியது, காரணம், தண்டிப்பதற்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது.

இப்போது உருவாகிவரும் போக்கு இதனினும் நுட்பமானது. செய்திக் குறிப்பு இதுகாறும் ஒரு நிருபருக்காக எழுதப்பட்டது. அவர் சலித்துக்கொள்வார், சந்தேகப்படுவார், தொலைபேசியில் அழைத்து எதிர்க்கேள்வி கேட்பார். இன்று பலர் எதையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, அது தரும் விடையோடு நின்றுவிடுகின்றனர். அவ்விடையில் தம் வாடிக்கையாளருக்கு நல்ல இடம் பெற்றுத் தருவதே மக்கள் தொடர்பு நிறுவனங்களின் புதிய வேலையாகி வருகிறது. அதற்காகப் பொறி எடுத்துக் கோக்க ஏதுவான வாக்கியங்களை இணையமெங்கும் தூவி வைக்கின்றனர். காசு வாங்கித் திருத்துவோர் அதனை வெளியிட வேண்டும் என்று விக்கிப்பீடியாவின் விதிகள் 2014இலேயே சொல்லிவிட்டன. இல்லாத மனிதர் எழுதியதுபோன்ற பாராட்டு மதிப்புரைகளை, பொறி எழுதியவை உட்பட, அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் தடைசெய்தது. ஆனால் பல ஊற்றுகளிலிருந்து கோக்கப்பட்ட ஒற்றை விடையில், எந்தச் சொல்லுக்கு எவர் காசு கொடுத்தார் என்பதை வாசகர் எவ்வாறு அறிவார்?

அடுத்த போக்கு, வருத்தத்தையே பொறியிடம் ஒப்படைப்பது. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் மூவர் இறந்தனர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகமொன்று தன் மாணவர்களுக்கு இரங்கல் மடல் அனுப்பியது. மடலின் அடியில், இது சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்டது என்று சிறு குறிப்பு. மாணவர்கள் கொதித்தனர், மன்னிப்புக் கோரப்பட்டது. அம்மடலில் நேர்மையான வரி அந்தக் குறிப்பு ஒன்றே. அகப்பட்டதும் அதனால்தான். இதிலிருந்து இத்துறை கற்கக்கூடிய தவறான பாடம், அடுத்த முறை அந்த வரியை விட்டுவிடலாம் என்பதே. நமது அச்சமும் அதுவே.

தலைவர்களின் உரைகளைப் பிறர் எழுதித் தருவது புதிதா என்று கேட்கலாம். புதிதன்று. ஆனால் எழுதித் தந்தவரும் ஒரு மனிதர். இந்தச் சொல் புண்படுத்துமே என்று தயங்கக்கூடியவர். வாசித்தவரோ அச்சொல்லுக்குப் பொறுப்பேற்றார். ஆண்டறிக்கையையும் விலைப்பட்டியலையும் பொறி எழுதட்டும். அவற்றுக்கு ஓர் அறிவிப்பு போதும். இரங்கலும் மன்னிப்பும் அவ்வகைப்பட்டவை அல்ல. எழுதுபவர் தம் நேரத்தையும் மனத்தையும் செலவிட்டார் என்பதில்தான் அவற்றின் பொருளே இருக்கிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை? 'கதைசொல்லல்' என்ற சொல்லை இத்துறை நம்மிடமிருந்துதான் எடுத்துச் சென்றது. ஒரு பத்தியைப் படித்ததும் இங்கே பேசுவது யார், எங்கிருந்து பேசுகிறார் என்று கேட்பது நாம் புனைவுகளிலிருந்து கற்ற பழக்கம். அதனைச் செய்தி அறிக்கைகளின்மீதும் செலுத்தும் காலம் இது. 'வருந்துகிறோம்' என்று முடியும் அறிக்கையில், அந்த 'ஓம்' விகுதிக்குள் இருப்பவர் எவர் என்று கேட்போம். பதிலாக ஒரு பெயர் வரும்வரை அந்த வருத்தத்தை ஏற்கத் தேவையில்லை.