கையில் கயிறு... காதில் கிடார்!



காரவள்ளியில் ஏறினால் கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் பாட்டுக் கேட்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. மலையில் சிக்னல் போய்விடும் என்று கீழேயே ஏற்றிக்கொள்வேன். அப்படி ஒரு சீனியர் அண்ணன் ஏற்றிக் கொடுத்ததுதான் 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' என்ற குழுவின் பாட்டு. "என்னண்ணே, தகரக் கொட்டாயில கல்லு விழுற மாதிரி இருக்கு?" என்றேன். "யாரு, எதுக்குக் கத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேளுடா" என்றார்.

தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தக் குழுவின் ஊர் பெல்ஃபாஸ்ட், வடக்கு அயர்லாந்தின் தலைநகரம். பிரிட்டனோடுதான் இருப்போம் என்பவர்கள் ஒரு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்கள் மறுபக்கம், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1960களின் கடைசியில் தொடங்கி 1998 வரை நடந்த மோதலில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். 1969 முதல் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். பல சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் தனித்தனிதான். பேரைச் சொன்னாலே எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். நமக்கு இது புரியாத விஷயமா? ஊர்ப் பேரைச் சொன்னதும் "எந்தத் தெரு?" என்று கேட்கிறவர்கள்தானே நாம்!

1975 ஜூலை 31 அதிகாலை, 'மயாமி ஷோபேண்ட்' என்ற இசைக்குழு நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. இரு மதத்தாரும் சேர்ந்து வாசித்த குழு. போலிச் சோதனைச் சாவடி போட்டு நிறுத்தி, மூன்று இசைக் கலைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வெளியூர்க் குழுக்கள் அந்தப் பக்கம் வரவே பயந்தன. 1977 அக்டோபரில் லண்டனிலிருந்து 'தி கிளாஷ்' என்ற பங்க் குழு துணிந்து வந்தது. இன்சூரன்ஸ் கிடைக்காமல் கடைசி நேரத்தில் நிகழ்ச்சி ரத்து. அரங்கத்துக்கு வெளியே கூடி நின்ற பையன்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நம்மைப் போலவே கிழிந்த சட்டையும் ஊக்கும் மாட்டியவர்கள் அந்தப் பக்கத்திலும் இருக்கிறார்களே!

பங்க் இசைக்குப் பெரிய வித்வத் தேவையில்லை. மூன்று கார்டு, ஒரு டிரம், நிறையக் கோபம் இருந்தால் போதும். டெர்ரி ஹூலி என்பவர், குண்டு வெடித்துக்கொண்டிருந்த கிரேட் விக்டோரியா தெருவில் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்று ரெக்கார்டு கடை வைத்திருந்தார். 1978இல் அந்தப் பேரிலேயே உள்ளூர்க் குழுக்களின் இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கினார். டெர்ரி நகரத்து 'அண்டர்டோன்ஸ்' குழுவின் முதல் தட்டு அந்த வருஷமே வந்தது. 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' 1979இல் போட்ட முதல் ஆல்பம், சிறு கம்பெனியின் வெளியீடாக இருந்தும் பிரிட்டனின் முதல் இருபதுக்குள் போனது. 'ஹார்ப் பார்' என்ற சின்ன இடத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று குதித்தார்கள். நகரத்தில் வேறு எங்கே அப்படி நிற்க முடிந்திருக்கும்?

"பாட்டுப் பாடினா சண்டை நின்னுடுமா?" என்று கேட்பீர்கள். நிற்கவில்லைதான். அதற்கு 1998 வரை காத்திருந்து, அரசியல்வாதிகள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. இரைச்சல் தானாகவே நல்லதுமில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் நிறவெறியர்களும் இதே இசையில் கத்தினார்கள். யாரோடு சேர்ந்து கத்துகிறோம் என்பதுதான் விஷயம்.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். போன வருஷ ஆண்டு விழா ஞாபகம் இருக்கிறதா? ஒரு கோஷ்டி "எங்க ஆளு பாட்டுக்குத்தான் ஆடுவோம்" என்றது. இன்னொரு கோஷ்டி "எங்க பாட்டு வராம விழாவே நடக்காது" என்றது. கைகலப்பு. கடைசியில் இசை நிகழ்ச்சியே ரத்து! மணிக்கட்டில் ஆளுக்கொரு கலரில் கயிறு, செல்போனில் வம்சப் பெருமைப் பாட்டு. இதற்கு நாம் வைத்திருக்கிற பேர் 'கெத்து'.

கேட்கிறேன், இதில் என்னப்பா கெத்து இருக்கிறது? தாத்தா கட்டிவிட்ட கயிற்றை அவிழ்க்காமல் திரிவது கலகமா, கீழ்ப்படிதலா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றுக்குத் தடை கேட்டது. நமக்கு அரசு சொல்லித்தான் அவிழ்க்க வேண்டுமா?

நம்ம நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவை மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து பிறந்த பேர். சாவு வீட்டு வாசலோடு நிற்க வேண்டியது என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும், கிடாரோடும் ராப்போடும் ஒரே மேடையில்! அதில் கானா பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

ஏன், எங்க மலைக்கே வாருங்களேன். ஆடி மாதம் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். அவன் வில்லைப் பற்றியே பேசுகிறோம். புறநானூற்றில் வன்பரணர் சொல்வதைப் படியுங்கள்: முழவும் யாழும் தூக்கிக்கொண்டு காட்டு வழியே வந்த பாணர் கூட்டத்துக்கு, தான் வேட்டையாடிய இறைச்சியையும் பொன்னையும் அள்ளிக் கொடுத்தவன் அவன். ஆட்டக்காரனையும் பாட்டுக்காரனையும் வரவேற்ற மலையிலிருந்து வந்த எனக்கு, பாட்டே இல்லாமல் முடிந்த அந்த விழா அவமானமாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு ராத்திரி நடந்தது பல பேருக்குத் தெரியாது. ஹாஸ்டலில் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்தோம். ஒருத்தன் மெஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். இன்னொருத்தன் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தாளம் பிடித்தான். மத்தியானம் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர்தான் அவர்கள்! அரை மணி நேரம் யார் மணிக்கட்டையும் யாரும் பார்க்கவில்லை. இருட்டில் கலர் தெரியாதே! கரண்ட் வந்தது, காலையில் மெஸ்ஸில் பழையபடி தனித்தனி பெஞ்சு. அந்த அரை மணி நேரம்தான் நம்ம 'ஹார்ப் பார்' என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். இந்த வருஷ ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் நமக்கென்று ஒதுக்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் பசங்க ஆம்ப்ளிஃபயர் செய்யட்டும், மெக்கானிக்கல் பசங்க மேடைக்கு ஸ்டாண்டு வெல்டிங் அடிக்கட்டும், பறை தெரிந்தவன் பறை அடிக்கட்டும், வாளி தெரிந்தவன் வாளி அடிக்கட்டும். பாட்டை நாமே எழுதுவோம். ஒரே ஒரு நிபந்தனை: மேடை ஏறுகிறவன் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏற வேண்டும்.

முதல் ஆளாக நான் அவிழ்த்துவிட்டேன். ஆமாம் நண்பர்களே, போன வருஷம் வரை என் கையிலும் ஒன்று இருந்தது. இப்போது வாளி தட்ட அந்தக் கை தயார். வருகிறீர்களா?

— கொல்லிமலை மாணவன்,
மூன்றாமாண்டு, மின்னணுவியல் துறை