ஞாயிற்றொளியால் ஓடும் வண்டி

தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள மறைமலை நகரிலும், அங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் மோட்டார்த் தொழில் பரவியிருப்பதை நம் மாணவர் அறிவர். ஃபோர்டு ஆலை 2022-ஆம் ஆண்டில் வண்டி செய்வதை நிறுத்திய பின்னும் இவ்வட்டாரத்தார் பலர்க்கு அத்தொழிலே பிழைப்பு. ஒருகாலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவரும், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவருமான அடிகளின் பெயர் தாங்கும் அந்நகரில், ‘சோலார் கார்’ என்பதே இன்று இளைஞர் பேச்சு. அடிகள் கேட்டிருப்பின் என்ன சொல்லியிருப்பாரோ! பெயர் கிடக்க, பொருளைப் பார்ப்போம்.

கூரைமேற் பலகை பதித்துவிட்டால் வண்டி காலமெல்லாம் செலவின்றி ஓடும் என்று பலர் நம்புகின்றனர். யாம் அவ்வாறு கருதவில்லை.

பலகையிலுள்ள சிலிகன் தகட்டில் ஒளி படுங்கால் எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்னோட்டமாகின்றன. அது பாட்டரியிற் சேர்ந்து மோட்டாரைச் சுழற்றும். இது ஒளியின் வேலையேயன்றிச் சூட்டின் வேலையன்று. தகடு மிகச் சூடேறினால் விளைவு குறையவே செய்யும். சித்திரை வெயிலைப் பெரிதும் நம்பியிருப்போர் இதனைக் கவனிப்பாராக. உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி ஏறக்குறைய 1,000 வாட். அதில் ஐந்திலொரு பங்களவே மின்சாரமாகும். சிறுகாரின் கூரையில் 2 சதுர மீட்டர் பலகை பதித்து, ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு ஈடான ஒளி கிடைத்தால், ஒரு நாள் வரவு 2 யூனிட். மின்கார் 100 கிலோமீட்டர் ஓட 12 முதல் 15 யூனிட் வேண்டும். ஆகவே பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டி 15 கிலோமீட்டர் ஓடும். மறைமலை நகரிலிருந்து ஒரகடம் போய்த் திரும்ப அது போதாது.

2025 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட புனே நகரத்து ‘ஈவா’ வண்டிக்கும், கூரைப் பலகையால் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் வரை என்றே அதைச் செய்தோர் கூறினர். மிச்சத்துக்கு மின்னிணைப்பு வேண்டும். ஆயின் 1987-இல் ஆஸ்திரேலியாவை வடக்கிருந்து தெற்காக 3,000 கிலோமீட்டர் கடந்து முதற்பரிசு பெற்ற ‘சன்ரேசர்’ ஒளியையே நம்பி ஓடவில்லையா என்பர். ஓடிற்று. அது ஒருவரே அமரத்தக்கது, மிக இலேசானது, காற்றை வழுக்கிச் செல்லும் வடிவினது. சென்னை ஐ.ஐ.டி. மாணவரின் அக்னிரத் குழுவினர் இத்தகைய பந்தய வண்டி செய்து கற்கும் சிக்கனத்தை யாம் பெரிதும் மதிக்கிறோம். குடும்பத்தோடும் மூட்டையோடும் செங்கற்பட்டுக்குப் போவோர்க்கு அவ்வண்டி உதவாது.

ஒளிக்கு ஏற்ற ஊர்தி வேறு. கேரளத்தில் வைக்கத்திலிருந்து 2017-இல் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ படகைப் பாருங்கள்: அகன்ற கூரை, மெதுவான நடை, குறித்த வழி, 75 பேரைச் சுமக்கும். நம் வட்டாரத்திலோ, தொழிலாளர் பலர் ஏறிவருவது இருசக்கர வண்டி. அது மின்வண்டியாயின் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட்டளவே கொள்ளும். காரை 15 கிலோமீட்டர் இழுக்கும் அதே 2 யூனிட், அவரை 60 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும். பலகையை வண்டியின் தலையில் ஏற்றுவானேன்? வேலைநேரமெல்லாம் அது நிற்கும் கொட்டகையின் கூரையில் பதித்தால், வண்டிக்கு நிழலுமாயிற்று, தொழிலாளிக்குப் பெட்ரோல் செலவும் மிச்சம். ஆலை முதலாளிகள் இதற்குச் செலவிடத் தயங்கலாகாது.

முதற்கண், நம் கல்லூரி வண்டிக் கொட்டகையின் கூரையை அளந்து, எத்தனை யூனிட் தேறுமென்று கணக்கிட்டுத் தருமாறு பௌதிக மாணவரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.