கை கட்டப்பட்ட பயம்

‘ஓட முடியல, அடிக்க முடியல, இதெல்லாம் ஒரு விளையாட்டா?’ புதுமை முயலும் திகில் கேம்களுக்கு வாடிக்கையாக வரும் புகார் இது. ஸ்காட் காவ்தன் 2014-இல் உருவாக்கிய ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்’ கேமில் இருந்த இடத்தைவிட்டு நகரவே முடியாது. கேமராவைப் பார்க்கலாம், கதவை அடைக்கலாம். அதற்குள் மின்சாரம் தீர்ந்துகொண்டே வரும். காவ்தனின் முந்தைய கேமின் பாத்திரங்கள் இயந்திரப் பொம்மைபோல மிரட்டுகின்றன என்று வந்த விமர்சனமே இந்தக் கேமுக்கு வித்து. முடங்கிக் கிடக்கும்போது கூடும் இந்தப் பயம் நமக்குப் புதிதல்ல. நெல்லைப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில், சாமியாடி நடுச்சாமத்தில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குப் போவார். அவருக்கு எதிரே வரக்கூடாதென்று வீட்டுக்குள் அடைந்து கிடப்பவருக்குத்தான் சலங்கைச் சத்தம் ஈரக்குலையை நடுங்கவைக்கும். கேம் செய்பவர்களே, பயத்தில் எழும் புகாரை அப்படியே விடுங்கள். பொத்தானை அழுத்தியும் கதவு அடைபடவில்லை என்றால் மட்டும் உடனே சரிசெய்யுங்கள்.