மூன்று சீனிவாசன்கள்

திருவந்திபுரத்திற்கு முகூர்த்த நாளில் போயிருக்கிறீர்களா? ஔஷதகிரியில் ஹயக்ரீவரைச் சேவிக்கப் படியேறினால் எங்கே பார்த்தாலும் கல்யாணக் கூட்டந்தான். அப்படியொரு கல்யாணத்தில் மொய் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நோட்டு அழகாக இருக்கட்டுமே என்று, ஒரே பெயர் திரும்ப வந்தால் பழைய வரியிலேயே கமா போட்டுச் சேர்த்துவிட்டேன். கடைசியில், 'சீனிவாசன்: கடலூர், 501, மஞ்சக்குப்பம், 1001, நெல்லிக்குப்பம்' என்று நிற்கிறது! மூவரில் ஒருவர் பணத்துக்குப் பதில் குங்குமச் சிமிழ் கொடுத்தவர். யார் அவர்? 501 கடலூர்க்காரருடையதா, மஞ்சக்குப்பத்தாருடையதா? திருப்பிச் செய்யும்போது தவறினால் உறவே முறிந்துபோகுமே!

கம்ப்யூட்டர் நிரல் எழுதும் என் அண்ணன் பெண் நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "அத்தை, இதே தப்பை நாங்களும் செய்திருக்கிறோம்!" என்றாள்.

செல்போனில் நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். பக்கம் வருமுன் சில சீட்டுகள் வந்து சேருகின்றன. வருவது படமா எழுத்தா, எத்தனை நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். அவைதான் 'ஹெட்டர்'கள். அவற்றைப் படிக்க நிரல்காரர்களுக்கு ஒரு ஜன்னல் வேண்டும்; பெயரைச் சொன்னால் விஷயத்தை எடுத்து நீட்ட வேண்டும். பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேட்டாலும் சின்ன எழுத்தில் கேட்டாலும் ஒன்றுதான். ஸ்ரீனிவாசனும் சீனிவாசனும் போல.

ஒரே பெயரில் இரண்டு சீட்டு வந்தால்? கமா போட்டுச் சேர்க்கலாம் என்பது விதி. 'செட்-குக்கீ' மட்டும் அதற்கு அடங்காது. உங்களை மறுபடி அடையாளம் கண்டுகொள்ள வெப்சைட் கொடுக்கும் சீட்டு அது. 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி வகுத்தது. அதன் காலாவதித் தேதியிலேயே, 'புதன், 09 ஜூன்' என்கிற மாதிரி, கிழமைக்குப் பின் ஒரு கமா உண்டு! இரண்டைச் சேர்த்துவிட்டால் எங்கே வெட்டுவது? நடுவில் நிற்கும் நிரல் தப்பாக வெட்டினால், லாகின் செய்து உள்ளே போன உங்களையே "நீ யார்?" என்று கேட்கும்.

'ஃபெட்ச்' என்ற ஜன்னலும் நெடுநாள் சேர்த்தேதான் கொடுத்தது. 2023-ல்தான் பிரவுசர்களில் 'கெட்செட்குக்கீ' என்று தனிக் கதவு திறந்தது. ஒவ்வொன்றாய், பட்டியலாய்த் தரும். (பக்கத்துக்குள் ஓடும் நிரலுக்கு இந்தச் சீட்டைப் பிரவுசர் காட்டவே காட்டாது. சர்வரில் ஓடும் நிரலுக்கே உபயோகம்.)

"எல்லாப் பெயருக்குமே பட்டியலாகத் தந்தால் என்னவாம்?" என்றேன்.

"ஒன்றே ஒன்று இருக்கிற இடத்திலும் பட்டியலைப் பிரித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை, அத்தை?"

எனக்கென்னவோ அது சரியாகப் படவில்லை. பொறுமையில்லாமல் நான் பட்டது போதாதா?

இப்போது புது நோட்டில் ஆளுக்கொரு வரியாக எழுதிவருகிறோம். சீனிவாசன் வரிகள் மட்டும் காலி. கடலூர்க்காரருக்குப் போன் போட வேண்டும். "மாமா, நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள்?" என்று எப்படிக் கேட்பதாம்?