இலவச சஸ்திர சிகிச்சையும் கேளாத கேள்விகளும்

2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏழை ஸ்திரீகளுக்கு ஸ்தனங்களைத் திருத்தியமைக்கும் சஸ்திர சிகிச்சையை, அழகின் பொருட்டும் இலவசமாகச் செய்வதென்று தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்பாடு செய்தபொழுது எழுந்த கூச்சலை நேயர்கள் மறந்திரார்கள். அழகு செல்வர்களுக்கு மட்டுமே உரியதா என்றார் அன்றைய சுகாதார மந்திரி விஜயபாஸ்கர். உயிர் காக்கும் சிகிச்சை இருக்க இதற்கென்ன அவசரம் என்றனர் ஆட்சேபித்தவர்கள். இரு கட்சியாரும் வாதாடியது செலவைப்பற்றி. சிகிச்சைக்கு உட்படும் ஸ்திரீ கேட்கவேண்டிய கேள்விகள் யாவை, அவற்றிற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற விஷயம் அநேகமாய்ப் பிரஸ்தாபத்திற்கே வரவில்லை.

நமது ஆரணியில் ஒரு பட்டுப்புடவை வாங்க வருகிறவர், ஜரிகை அசலா, சாயம் நிற்குமா என்று பத்துக் கேள்வி கேளாமல் பணப்பையை அவிழ்ப்பதில்லை. தேகத்திற்குள் வைக்கும் பொருளுக்கு அவ்வளவு விசாரணை கூடாதா?

அப்பொருள் ஆயுள் பரியந்தம் நிற்குமா என்பது முதற்கேள்வி. நில்லாது. 1962-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் முதன்முதலாக வைக்கப்பட்ட சிலிகோன் பை பலவாறு திருந்தியும், நாளடைவில் அதைச் சுற்றித் தழும்பு இறுகுவதும், பை கிழிவதும் உண்டு. கிழிந்தது அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆகையால் ஐந்து ஆறு வருஷத்திலும், பின்பு இரண்டு மூன்று வருஷத்திற்கொருமுறையும், ஸ்கான் பரீட்சை செய்துகொள்ளும்படி அமெரிக்க மருந்து இலாகா கூறுகிறது. குழந்தைக்குப் பாலூட்டலாமா? பலர் ஊட்டுகிறார்கள், சிலருக்குப் பால் குறைகிறது. புற்றுநோய் வருமா? சாதாரண ஸ்தனப் புற்றுநோயை இது உண்டாக்குவதாக ருசுவில்லை. ஆனால் பையைச் சுற்றிய தழும்பில் லிம்போமா என்ற அபூர்வ வியாதி தோன்றுவதுண்டு. பெரும்பாலும் சொரசொரப்பான மேற்புறமுள்ள பைகளில். அதன் நிமித்தம் அல்லர்கன் கம்பெனி 2019 ஜூலையில் அத்தகைய தன் சரக்கை உலகமெங்கும் திரும்பப் பெற்றது. பிரான்சு தேசத்திலோ, பிப் என்னும் கம்பெனி தொழிற்சாலைக்குரிய மட்டமான சிலிகோனை அடைத்து விற்றது 2010-ல் வெளிப்பட்டு, அதன் ஸ்தாபகர் 2013-ல் தண்டனையடைந்தார்.

இவ்வூர் ஸ்திரீகளுக்கு மற்றொன்றும் உண்டு. சிகிச்சைக்குப்பின் சில வாரம் கைகளை ஓங்கி வேலை செய்யலாகாது. தார் சுற்றிக் கூலி வாங்குகிறவளுக்கு அது எத்தனை நாள் அடுப்பெரியாத கணக்கு என்பதை வைத்தியர் அறிவாரோ, நாமறியோம்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. ஸமீரா கோலி வழக்கில் 2008-ல் நமது சுப்ரீம் கோர்ட்டு, சிகிச்சையின் தன்மை, பலன், முக்கியமான அபாயங்கள், மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கு விளக்காமல் பெற்ற சம்மதம் சரியான சம்மதமல்ல என்று தீர்ப்பளித்திருக்கிறது. இங்கிலீஷில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்குவதை விளக்கமென்று எந்த நியாயாதிபதி ஒப்புவார்? அமெரிக்காவில் 2021 முதல், அபாயங்களை வரிசையாகக் காட்டும் பத்திரமொன்றை நோயாளிக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பமிட வாய்ப்பளித்தாலன்றி இப்பைகளை விற்கலாகாது. அத்தகைய பத்திரம் தமிழில் வேண்டும். எந்தக் கம்பெனியின் பை, என்ன நம்பர் என்று குறித்த சீட்டும் அவள் கையில் இருக்கவேண்டும்.

இன்னொன்று. வைப்பது இலவசமாயின், பத்து வருஷத்திற்குப்பின் கிழிந்த பையை எடுப்பதும், இடையில் செய்யவேண்டிய பரீட்சைகளும் இலவசமா? சுகாதார இலாகா இதற்கு எழுத்து மூலமாக விடையளிக்கவேண்டும்.