சட்டத்துக்காக வெட்டிய ஓரம்

ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளின் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படங்களை விற்பவர்கள், படத்தைவிடச் சட்டத்தின் பழமையைத்தான் உரக்கச் சொல்கிறார்கள். சேகரிப்பவர்களும் அதற்கே மயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1789இல் லண்டன் பால் மால் தெருவில் ஜான் பாய்டெல் திறந்த ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸும் ஃபியூசெலியும் ரோம்னியும் தீட்டிய ஓவியங்கள், பாய்டெல் கடனில் மூழ்கியதால் 1805இல் குலுக்கல் பரிசாகப் போய், பின்பு திசைக்கொன்றாகச் சிதறின. பல இன்று கிடைக்கவே இல்லை. அந்தக் கூடத்தில் என்ன இருந்தது என்பதற்கு மிஞ்சிய முக்கியச் சாட்சி அச்சுப்படங்களே. அந்தச் சாட்சியத்தின் பாதி படத்துக்குக் கீழேயுள்ள ஓரத்தில் இருக்கிறது: இடப்புறம் ஓவியர் பெயர், வலப்புறம் தகட்டில் செதுக்கியவர் பெயர், வெளியீட்டு நாள், நாடகத்தின் அங்கம், காட்சி. சட்டத்தில் அடங்கவேண்டும் என்று முன்னோர் கத்தரித்தது இதைத்தான். கத்தரித்தபின், முதல் பதிப்பின் படியையும் தேய்ந்த தகட்டைச் செப்பனிட்டு எடுத்த பிற்காலப் படியையும் பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. சுவரில் தொங்காத படத்தால் யாருக்குப் பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தாராளமாகத் தொங்கட்டும், ஓரம் முழுதாகத் தெரியும்படி, அமிலமற்ற அட்டையில், வெயில் படாத சுவரில்.