சமதரைதானே என்னும் அலட்சியம்



சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தில் குன்றுகள் இல்லை. செம்பனையும் தென்னையும் கால்வாய்களும் நிறைந்த சமவெளி இது. அதனால்தானோ என்னவோ, நம்மில் பலர் மகிழுந்தை நிறுத்தியதும் கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கைப் பெயருக்கு இழுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது பணியாற்றிய பள்ளியில், என் பழைய கன்சிலை வேலியை நோக்கி நிறுத்திவிட்டுப் பயிற்சி நூல்களுடன் இறங்கி நடந்தேன். பத்தடிகூட நடந்திருக்க மாட்டேன். வண்டி ஓசையின்றிப் பின்னோக்கி உருண்டது. பின்னால் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பாதுகாவலர் ஓடிவந்து அவனை இழுத்துவிட்டார். வண்டி கால்வாயில் பின்சக்கரம் இறங்கி நின்றது. அன்று முழுவதும் என் கைநடுக்கம் அடங்கவில்லை.

மழைநீர் வடிவதற்காகச் சாலையோரமும் பள்ளி வளாகமும் சற்றே சரிவாக அமைக்கப்படுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அச்சரிவு சக்கரத்திற்குத் தெரியும்.

1994 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்ட கன்சில் போன்ற பழைய வண்டிகளில், கைப்பிரேக் ஒரு கம்பி வடத்தின் வழியாகப் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. நாளடைவில் வடம் தளரும். பிரேக் பட்டைகளும் தேயும். ஆகவே, அதை மட்டும் நம்புதல் தகாது. இயந்திரத்தை நிறுத்தியபின் வண்டியைக் கியரில் விட்டால், சக்கரம் உருள்வதற்கு இயந்திரத்தையும் சேர்த்தே சுழற்ற வேண்டும். அது எளிதில் சுழலாது. இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் ரிவர்ஸ் கியர். ஏற்றத்தை நோக்கி நிறுத்தினால் முதல் கியர். கைப்பிரேக்கை முழுமையாக இழுத்த பின்னரே காலை பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டும்.

“கியரில் விட்டால் மறுமுறை கிளப்பும்போது வண்டி குதிக்குமே” என்பர் சிலர். உண்மைதான். கிளட்சை முழுமையாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பின் சாவியைத் திருப்பினால் அந்த அச்சம் இல்லை. ஆனால் இதில் இன்னோர் ஆபத்து உண்டு. கியரிலுள்ள பழைய வண்டியில் சிறுபிள்ளை சாவியைத் திருப்பினாலே போதும், வண்டி நகர்ந்துவிடும். எனவே சாவியையும் பிள்ளையையும் வண்டிக்குள் விட்டுச் செல்லலாகாது, “ஒரு நிமிடம்தானே” என்றாலும்கூட.

2014-ஆம் ஆண்டில் தானியங்கிக் கியர் வண்டிகளுக்கெனத் தனி உரிமம் நடைமுறைக்கு வந்தது. கைக்கியர் வண்டியை இன்றும் ஓட்டும் நாம், அதன் பழக்கங்களை இளையோருக்கு ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டாமா?

“வண்டிக்குப் பின்னால் நிற்காதே” என்று பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை அதை மறந்துவிடும். அது அவ்வயதின் இயல்பு. இறங்குமுன் கியரையும் கைப்பிரேக்கையும் ஒருமுறை பார்ப்பதை நாம் மறப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

சிந்திப்போம்.